தோழியின் முதுகுவலிக்கு நட்பை முறிப்பதா வழி?

38 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

11 ஆண்டுகளுக்கு முன் நடந்த சாலை விபத்தில் அவருக்குத் தண்டுவடத்தில் அடிபட்டது. மார்புப் பகுதியின் நான்காவது முள்ளெலும்பு மட்டத்தில், ‘டி4’ என்று டாக்டர்கள் சொல்லும் இடத்தில், முழுச் சேதம். மார்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறார். சிறுநீருக்கு நிரந்தரமாக டியூப் பொருத்தியிருக்கிறது. கூட இருப்பவர் வயதான அம்மா மட்டும்.

கல்லூரி விடுதியில் இவரோடு ஒரே அறையில் இருந்த தோழி, விபத்து நடந்த நாள் முதல் விலகவே இல்லை. காலையில் அலுவலகம் போகும் முன் வந்து, இவரைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பார். இரவு மறுபடி வந்து படுக்க வைப்பார். டியூப் பையை மாற்றுவது, தோலில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர்தான். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் இது நிற்கவில்லை.

சில வாரங்களுக்கு முன், தோழி குனியும்போது வலிக் களிம்பின் வாசனை வந்திருக்கிறது. உடைக்கு அடியில் இடுப்பு பெல்ட் தெரிந்திருக்கிறது. கேட்டால், “ஒண்ணும் இல்லைடி, தூக்கம் சரியில்லை” என்று மழுப்பியிருக்கிறார். தோழியின் கணவரிடம் விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறது, பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. அதற்குப் பிறகும் தினம் இரண்டு வேளை இவரைத் தூக்கியிருக்கிறார்.

வாசகி ஒரு முடிவெடுத்தார். “அண்ணன் ஆள் ஏற்பாடு பண்ணிட்டாரு. இனி நீ வர வேண்டாம். உன் பரிதாபம் எனக்குப் போதும்” என்று வேண்டுமென்றே கடுமையாகச் சொல்லிவிட்டார். அப்படி ஆள் யாரும் இல்லை. மூன்று வாரமாக அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்துதான் தூக்குகிறார்கள். தோழி ஃபோன் செய்துகொண்டே இருக்கிறார், இவர் எடுப்பதில்லை. இதற்கிடையில், தன் வீட்டுக்கே வந்துவிடும்படி அண்ணன் சொல்கிறார். வீட்டையும் வங்கிக் கணக்கையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள ஒரு பத்திரத்தில் கையெழுத்தும் கேட்கிறார். “கூடப் பிறந்தவன் நானிருக்கும்போது வெளியாளுக்கு இங்கே என்ன வேலை?” என்பது அவருடைய பேச்சு.

“அவளுக்கு நான் வெறும் பாரம். நான் விலகியது சரிதானே டாக்டர்? அண்ணன் சொல்வதைக் கேட்பதுதானே எல்லோருக்கும் நல்லது?” என்று கடிதம் முடிகிறது.

அன்பு வாசகிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் ஓரிடத்தில், “பை சீக்கிரம் நிறையக் கூடாது என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே நிறுத்துங்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகும், வண்டல் சேரும், டியூப் அடைத்துக்கொள்ளும். தொற்றும் எளிதாக வரும். உங்களுக்கு அடிபட்ட மட்டத்தில் டியூப் அடைப்பது சிறுநீர்ப்பையோடு நிற்கிற விஷயம் இல்லை. ரத்த அழுத்தத்தையே ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். பையை அளவுக்குறி போட்ட பெரிய பையாக மாற்றிக்கொள்ளலாம், அதன் குழாயை நீங்களே திறந்து வடிக்கக் கற்றுக்கொள்ளலாம். யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்று தாகத்தை அடக்குவது மட்டும் வேண்டாம்.

சரி, நட்புக்கு வருவோம்.

உங்கள் தோழியின் முதுகைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தது முழுக்கச் சரி. அவர் இனி உங்களைத் தூக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், 2007-ல் நோயாளிகளைக் கையால் தூக்குவதற்கு ஒரு வரம்பைப் பரிந்துரைத்தார். சூழ்நிலை எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் சுமக்கலாம் என்று அவர் சொன்னது சுமார் 16 கிலோ. வளர்ந்த ஒரு மனிதரின் எடை அதைப்போல் பல மடங்கு. அந்த எடையை, உடம்பை முறுக்கித் திருப்பி, காலையிலும் இரவிலும், வருஷக்கணக்காகத் தூக்கியிருக்கிறார். டிஸ்க் விலகியதில் ஆச்சரியமே இல்லை. உங்கள் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இதே கணக்குதான். தோழியின் முதுகிலிருந்து இறக்கிய பாரத்தை இப்போது வயதான ஒரு முதுகில் ஏற்றியிருக்கிறீர்கள்.

ஆனால் தூக்குவதை நிறுத்தச் சொல்வதும், ‘நீ வராதே, உன் பரிதாபம் போதும்’ என்பதும் ஒன்றா? வலியை அவர் உங்களிடம் மறைத்தார். கவலையை நீங்கள் அவரிடம் மறைத்தீர்கள். இருவரும் ஒரே காரணத்துக்காகத்தான் பொய் சொல்லியிருக்கிறீர்கள். வித்தியாசம் என்னவென்றால், அவர் சொன்ன பொய் உங்களைப் புண்படுத்தவில்லை. நீங்கள் சொன்னது அவருடைய 11 வருஷத்துக்கும் வேறொரு பெயரை வைத்துவிட்டது.

பரிதாபத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விபத்து நடந்த புதிதில் வார்டு நிறைய ஆட்கள் நிற்பார்கள். ஆறு மாதம் கழித்து எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. குழந்தைக்குக் காய்ச்சலடித்த நாளிலும், அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை கிடந்த நாளிலும் ஒருவர் வந்து நின்றார் என்றால் அதைப் பரிதாபம் என்று எப்படிச் சொல்வது? அது உங்களுக்கே தெரியும். தெரிந்ததால்தான் அவரை விரட்ட அந்த வார்த்தையைத் தேடி எடுத்தீர்கள்.

தூக்கித்தான் ஆக வேண்டுமா?

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம், ‘டி4, கைகள் நன்றாக இருக்கின்றன’ என்பது. ஒரு மறுவாழ்வு மருத்துவராக உடனே எனக்கு எழுந்த கேள்வி: இவரை ஏன் யாரோ ஒருவர் தூக்குகிறார்?

உங்களைக் குறை சொல்லக் கேட்கவில்லை. மார்பு நான்காம் மட்டத்தில் அடிபட்டு, தோளும் கையும் வலுவாக உள்ளவர்களில் பெரும்பாலோர், சரியான பயிற்சி கிடைத்தால், கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாங்களே மாறிவிடுவார்கள். டிரான்ஸ்ஃபர் போர்டு என்று வழவழப்பான ஒரு பலகை இருக்கிறது. அதன் ஒரு முனையை உங்கள் தொடைக்கு அடியிலும் மறுமுனையை நாற்காலியின் இருக்கையிலும் வைத்து, கைகளை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போக வேண்டும். கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலியின் பக்கவாட்டுக் கைப்பிடி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். உடை உடுத்துவது, டியூப் பையைக் கவனிப்பது, நீளமான கைப்பிடி போட்ட கண்ணாடியால் தன் முதுகையும் பிட்டத்தையும் தானே பார்த்துக்கொள்வது எல்லாமே உங்கள் மட்டத்தில் சாத்தியம்.

என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. முதல் சில மாதங்களில் நீங்கள் உடைந்து கிடந்தபோது தோழி தூக்கினார். அப்போது அது தேவையாகவும் இருந்தது. அப்புறம் அதுவே பழகிவிட்டது. இனி கற்றுக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னவர் அழுத்திச் சொல்லவில்லை. அன்பு அதிகமாக இருக்கிற வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கையை நீட்டும் முன்பே பொருள் கைக்கு வந்துவிடும். நோயாளி வருஷக்கணக்காகத் தன் கையின் பலத்தைச் சோதித்தே பார்த்திருக்கமாட்டார்.

இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்று நினைக்காதீர்கள். கற்றுக்கொள்ள இப்போதும் முடியும். வீடியோ பார்த்து நீங்களாக முயற்சி செய்யாதீர்கள். மறுவாழ்வுப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். பயன்படாத கால் எலும்புகள் இத்தனை வருஷத்தில் மெலிந்திருக்கும். தவறி விழுந்தால் உடையும், உடைந்ததே உங்களுக்குத் தெரியாது. பலகையில் தோல் உரசினாலும் அப்படித்தான். தோள் மூட்டையும் பரிசோதிக்க வேண்டும், நாற்காலியில் வாழ்கிறவருக்குத் தோள்தான் காலும். பயிற்சிக்குப் பிறகும் முடியவில்லை, தோள் இடம் கொடுக்கவில்லை என்றால் ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் கருவி இருக்கிறது. துணித் தொட்டிலில் உட்கார வைத்து இயந்திரமே தூக்கிவிடும். பழகிவிட்டால் கூட நிற்பவர் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. சம்பளத்துக்கு ஒரு உதவியாளரை வைப்பது மூன்றாவது வழி. இதில் எதுவும் தோழிக்குப் பதிலாக வருவதல்ல. தோழி செய்துகொண்டிருந்த ஒரு வேலைக்குப் பதிலாக வருவது.

உதவி இல்லாமல் எல்லாவற்றையும் தனியாகச் செய்வதுதான் சுதந்திரம் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்பவர் 14 வயதில் போலியோ தாக்கிக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இரவில் மூச்சுவிட ‘இரும்பு நுரையீரல்’ என்ற இயந்திரம் வேண்டும். 1962-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1972-ல் பெர்க்லியில் சுதந்திர வாழ்வு மையத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். சட்டை மாட்டிவிட ஆள் தேவைப்பட்டவர்தான் அவர். என்ன சட்டை, எப்போது, யார் மாட்டுவது என்பதை முடிவு செய்யும் உரிமை தன்னிடம் இருப்பதைத்தான் அவர்கள் சுதந்திரம் என்றார்கள். உங்களுக்கு அவரைவிட அதிகம் முடியும்.

‘நான் அவளுக்கு என்ன கொடுத்தேன்?’

கடிதத்தில் நாலு இடத்தில் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். அதே கடிதத்தில் போகிறபோக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். தோழியின் அம்மா இறந்த இரவில் அவர் முதலில் ஃபோன் செய்தது உங்களுக்கு. விடியும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். அப்புறம், அவருடைய மகளுக்கு வராத கணக்கு உங்களிடம் உட்கார்ந்தால் வருகிறது. ஒன்றும் கொடுக்காதவரிடம் நடுராத்திரியில் யார் ஃபோன் செய்து அழுவார்கள்?

பராமரிப்பும் நட்பும் ஒரே ஆளிடம் இருப்பது தப்பு என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1977-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் தங்கள் உரிமைச் சட்டத்தின் விதிகளில் கையெழுத்திடக் கோரி, அரசு அலுவலகத்துக்குள் மூன்று வாரங்களுக்கும் மேல் உட்கார்ந்து போராடினார்கள். அதில் பிராட் லோமாக்ஸ் என்பவர் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயால் நாற்காலியில் இருந்தவர். அவருக்கு உதவியாளராக உள்ளே போனவர் சக் ஜாக்சன். இருவரும் ஒரே இயக்கத்துத் தோழர்கள். உள்ளே போன ஜாக்சன், லோமாக்ஸோடு மற்றவர்களுக்கும் சேர்த்து உதவி செய்தார். உடம்பைக் கவனித்துக்கொள்வதும் தோளோடு தோள் நிற்பதும் அங்கே ஒரே ஆளிடம்தான் இருந்தது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த ஒரே ஆளுக்கு விடுமுறையே இல்லாதபோது. உங்கள் தோழிக்கு ஒரு நாள் ‘இன்று முடியவில்லை’ என்று சொல்ல வழி இருக்கவில்லை. சொன்னால் நீங்கள் கட்டிலிலேயே கிடப்பீர்கள். அதனால் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் வராத நாளிலும் நீங்கள் எழுந்து உட்கார முடியும் என்று ஆகிவிட்டால், அவர் வருவது அவருடைய விருப்பமாகிவிடும். தோழிக்காக நீங்கள் இப்போது செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான் என்பது என் கருத்து.

அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்

ஒரு ராத்திரி உங்களுக்குத் தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து வியர்த்துக் கொட்டியபோது, தோழி ஓடிவந்து உங்களை நிமிர்த்தி உட்காரவைத்து, மடங்கிக் கிடந்த டியூபை நேராக்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அன்று செய்தது முதல் தரமான மருத்துவ உதவி. இதற்கு ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்று பெயர். டி6 மட்டத்திலோ, உங்களைப் போல அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வரும். காயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உறுத்தும். பெரும்பாலும் நிறைந்துபோன சிறுநீர்ப்பை, அடுத்து மலச்சிக்கல், சில சமயம் படுக்கைப் புண். அது மூளைக்கு வலியாகத் தெரியாது; ரத்த அழுத்தம் மட்டும் குபுகுபுவென்று ஏறும். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம்.

உங்கள் மட்டத்தில் சேதம் உள்ளவர்களுக்கு, ரத்த அழுத்தத்தில் மேலே காட்டும் எண் சாதாரணமாகவே 90 முதல் 110-க்குள் இருக்கும். அதனால் 140 என்று காட்டினால், விவரம் தெரியாதவர் ‘லேசாகத்தான் கூடியிருக்கிறது’ என்று விட்டுவிடுவார். உங்களுக்கு அது அவசரநிலை. நிமிர்ந்து உட்கார வேண்டும், காலைத் தொங்கவிட வேண்டும், இறுக்கமான உடையைத் தளர்த்த வேண்டும், டியூபைப் பார்க்க வேண்டும். அப்படியும் குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரி. இதை அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஒரு தாளில் உங்கள் வழக்கமான அழுத்தம், டியூபின் அளவு, மாற்றிய தேதி, டாக்டரின் எண் எல்லாவற்றையும் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். நாற்காலியில் இருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பிட்டத்தின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். இவ்வளவு காலம் இதெல்லாம் ஒரே ஒருவரின் தலைக்குள் இருந்திருக்கிறது. நீங்கள் வாசலைச் சாத்தியபோது அந்த அறிவும் வெளியே போய்விட்டது. அதுதான் இந்த மூன்று வாரத்தில் என்னைப் பயமுறுத்துகிற விஷயம்.

அண்ணனும் அந்தப் பத்திரமும்

அண்ணன் கெட்டவர் என்று நான் முடிவுகட்டவில்லை. பயத்தில் பேசுகிற அண்ணன்கள் நிறையப் பேர். ஆனால் கால் நடக்காததும் முடிவெடுக்க முடியாததும் ஒன்றல்ல. ஐ.நா. 2006-ல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு, சொத்து வைத்துக்கொள்வது, தன் பணத்தைத் தானே நிர்வகிப்பது உட்பட எல்லாவற்றிலும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உங்களுக்கு உண்டு என்கிறது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதும் உங்கள் தேர்வு என்கிறது 19-வது பிரிவு. உலகின் பெரும்பாலான நாடுகள் இதை ஏற்றிருக்கின்றன. நடைமுறைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் அந்தப் பத்திரத்தை உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அண்ணன் கூட்டிவரும் வழக்கறிஞராக இருக்க வேண்டாம். பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கி வேலைக்கு உதவி வேண்டுமென்றால், அந்த வேலைக்கு மட்டும், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யும்படி எழுதிக் கொடுக்க வழி உண்டா என்று கேளுங்கள்.

மருத்துவத்திலும் இதே நியாயம்தான். சுயநினைவோடு இருக்கும்வரை சம்மதம் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் விவரத்தை யாரிடம் சொல்லலாம், யார் உள்ளே வரலாம் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். நினைவில்லாத நிலை வந்தால் உங்களுக்காகப் பேச ரத்த உறவல்லாத ஒருவரை முன்கூட்டியே நியமிக்கப் பல நாடுகளில் இடமிருக்கிறது. வழக்கறிஞரிடம் போகும்போது இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். உங்கள் உடம்பை மிக நன்றாக அறிந்தவர் தோழிதான் என்றால், கேஸ் ஷீட்டில் அவருடைய பெயர் இருப்பதில் எந்தத் தவறும் இல்லை.

அவரிடம் என்ன பேசுவது?

நீங்களே ஃபோன் செய்யுங்கள். அவர் மறுபடி அழைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ‘ஆள் வைத்திருப்பதாகச் சொன்னது பொய். உன் முதுகுவலி தெரிந்து பயந்து அப்படிப் பேசினேன். பரிதாபம் என்று சொன்னது மகா தப்பு’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் படட்டும், அழுதால் அழட்டும், நடுவில் சமாதானம் சொல்லி மூடிவிடாதீர்கள். மறைத்ததற்கு உங்களுக்கும் அவர்மேல் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லலாம். இனி இருவரில் யாருக்கு முடியவில்லை என்றாலும் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

‘நான் தூக்குகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று அவர் கட்டாயம் ஆரம்பிப்பார். அங்கே மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தூக்குவது நின்றுவிட்டது, பேச்சு முடிந்தது. மற்றதில், எதைச் செய்ய விரும்புகிறார், எதை விட்டுவிட ஆசைப்படுகிறார் என்று அவரையே கேளுங்கள். அவருக்காக நீங்கள் முடிவெடுத்தது ஒருமுறை போதும். சில நாள் வராமல் இருக்க நினைத்தால் இருக்கட்டும். வெறுமனே வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற ஒரு மாலை இத்தனை வருஷத்தில் உங்கள் இருவருக்கும் கிடைத்திருக்கிறதா?

மறுவாழ்வுப் பிரிவில் முதல் நாளைக்கு நேரம் வாங்கும்போது, அவருக்கும் தோதான நாளாகப் பார்த்து வாங்குங்கள். பலகையில் நகரும் பயிற்சியை அவரும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நீங்களே நாற்காலிக்கு மாறுவதைக் கண்ணால் கண்டால்தான் அவருக்குத் தூக்க வரும் கை நிற்கும். அவருடைய முதுகுக்கும் அங்கேயே பிசியோதெரபி கிடைக்குமா என்று அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நாற்காலிக் குஷன் எத்தனை வருஷப் பழையது என்று எழுதவில்லை. அதையும் கூடவே எடுத்துப் போய்க் காட்டிவிடுங்கள்.